சித்திரை மதியத்தில் நிற்குமா?

மார்கழி இரவில் ப்ராசஸரை ஓவர்க்ளாக் செய்து, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஏற்றி, விடிய விடியச் சோதித்து, காலையில் காப்பியோடு வந்து பார்த்து ‘நின்றுவிட்டது’ என்று தீர்ப்பெழுதியவன் நான். அந்த மாதத்தில் ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும், ஆனைமலைப் பக்கத்துக் குளிர் அறையை இருபது டிகிரிக்குக் கொண்டுவந்துவிடும். பங்குனி பிறந்ததும் அதே மாடியறை 36 டிகிரி. அதே வோல்டேஜ், அதே வேகம், அதே விளையாட்டு. மதியம் இரண்டு மணிக்கு நீலத்திரை. கணினியில் எதுவும் கெட்டுப்போகவில்லை. நான் சோதித்த மாதம்தான் தப்பு.

ஓவர்க்ளாக் பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி 21, 22 டிகிரிக்குள் வைத்த ஆய்வறைகளில் எழுதப்பட்டது. அங்கே 75 டிகிரி காட்டுகிற ப்ராசஸர், பொள்ளாச்சியில் மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கிற அறையில் 90-ஐத் தாண்டும். ஹீட்சிங்க்கும் மின்விசிறியும் சூட்டை அறைக்காற்றுக்குக் கடத்துமே தவிர, அறைக்காற்றைவிடக் குளிர்ச்சியை உண்டாக்கிவிடாது. காற்று 14 டிகிரி கூடினால் சிப்பும் குறைந்தது 14 டிகிரி கூடும். தண்ணீர்க் குளிர்விப்பு வைத்தவருக்கும் இதே கணக்குத்தான். ரேடியேட்டர் வழியாகப் போவதும் அதே காற்று. ஆகவே பிறர் சொன்ன எண்களை அப்படியே பயாஸில் போட்டுக்கொள்வதற்கு முன் நம் ஊரில் வைத்து ஒருமுறை எடைபோட வேண்டியிருக்கிறது.

அடிப்படையிலிருந்து வருவோம். இன்றைய மதர்போர்டுகளில் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். ப்ராசஸர் அதை ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. எண் 45 என்றால் வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் டிரான்சிஸ்டர்கள் வரிசையாகச் செய்தியைக் கைமாற்றி முடித்தாக வேண்டும். கிணற்றிலிருந்து தோப்பு வரைக்கும் ஆட்கள் நின்று குடம் கைமாற்றுவதைப்போல. தாளத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எங்கோ ஓர் ஆளிடம் குடம் வந்து சேர்வதற்குள் அடுத்த தட்டு விழுந்துவிடும். அந்த ஓர் ஆளின் தடுமாற்றத்தைத்தான் நாம் ஹேங் என்றும் ரீஸ்டார்ட் என்றும் பார்க்கிறோம். அவரைச் சுறுசுறுப்பாக்க வோல்டேஜைக் கூட்டுகிறோம். கூட்டினால் சூடு, சூடு ஏறினால் அவர் மறுபடி தளர்வார்.

சூட்டின் கணக்கு இரண்டு வரிதான். மின்செலவு வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தில் ஏறும். 4 கிகாஹெர்ட்ஸை 4.4 ஆக்க 1.20 வோல்ட்டை 1.35-க்குக் கொண்டுபோனதாக வைத்துக்கொண்டால், பத்து சதவீத வேகத்துக்கு ஏறக்குறைய 39 சதவீதம் கூடுதல் சூடு. கசிவு மின்னோட்டம் தனி. கோயமுத்தூர்ப் பக்கம் இதைப் புரியவைக்கப் பாடப்புத்தகம் வேண்டாம். மோட்டார் காயில் கட்டும் கடையில் போய்க் கேட்டால், அளவுக்கு மீறிய பாரத்தில் ஓடிய மோட்டாரின் கதையைச் சொல்வார்கள். சூடு பத்து டிகிரி கூடினால் காயிலின் காப்புறை ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் உலகம் முழுக்கப் பழகிய தோராயக் கணக்கு. சிலிக்கானுக்கும் மூப்பு உண்டு. ஜேம்ஸ் பிளாக் 1969-இல் வகுத்த சமன்பாடு, மெல்லிய உலோகக் கம்பிகளில் மின்னோட்டமும் வெப்பமும் சேர்ந்து அணுக்களை நகர்த்தி ஆயுளைக் குறைப்பதைக் கணக்கிட்டுச் சொல்கிறது. ஓவர்க்ளாக் செய்த சிப் ஒரே நாளில் புகைவது அபூர்வம். சென்ற வருடம் 1.30 வோல்ட்டில் நின்றது இந்த வருடம் 1.33 கேட்கும், மூப்பு அப்படித்தான் தெரியவரும்.

இந்தப் பழக்கத்துக்கு வயது நாற்பதைத் தாண்டுகிறது. 1984-இல் ஐபிஎம் வெளியிட்ட பிசி/ஏடி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. துடிப்பைத் தருகிற படிகத்தைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தி, அதை 8-க்கு ஏற்றினார்கள். ஐபிஎம் சும்மா இருக்கவில்லை. அடுத்து வந்த பயாஸில் வேகத்தை அளந்து பார்த்து மறுக்கிற சோதனை ஒன்றைச் சேர்த்தது. பயனர் ஏற்றுவதும் கம்பெனி பூட்டுவதுமான ஆட்டம் அங்கே தொடங்கியது. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ இந்த ஆட்டத்தின் பெரிய நாயகன். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 4.5-ஆல் பெருக்கி 300 ஆக விற்றார்கள். பஸ்ஸை 100 ஆக மாற்றினால் 450. சில போர்டுகளில் இதற்கு ஒரு பின்னின்மேல் துண்டு டேப் ஒட்டினால் போதும். விலை குறைந்த சிப், விலை உயர்ந்த பென்டியம் 2-க்கு ஈடுகொடுத்தது. பிறகு ஏஎம்டியின் டியூரானில் மேற்புறத்திலிருந்த சிறு பாலங்களைப் பென்சிலால் கோடிழுத்து இணைத்துப் பெருக்கு எண்ணின் பூட்டைத் திறந்தார்கள். பள்ளிக்கூடப் பென்சிலில் இருக்கிற கிராஃபைட் மின்சாரம் கடத்தும் என்ற ஒரே அறிவு அதற்குப் போதுமானதாக இருந்தது.

2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் இன்டெல் அடிப்படைத் துடிப்பை மற்ற பஸ்களோடு சேர்த்துக் கட்டிவிட்டது. அதைச் சில சதவீதம் கூட்டினாலே போர்டின் மற்ற பாகங்கள் முரண்டுபிடிக்கும். பெருக்கு எண்ணை மாற்றும் உரிமை ‘கே’ எழுத்துள்ள மாடல்களுக்கு மட்டும், கூடுதல் விலையில். அந்த எழுத்துக்குக் காசு கொடுத்தவர்களுக்கு 3.3 கிகாஹெர்ட்ஸ் ஐ5-2500கே, சாதாரணக் காற்றுக் குளிர்விப்பிலேயே 4.5 வரை போனது. என் மார்கழிக் கதையின் ப்ராசஸர் அதுதான். திரவ ஹீலியத்தை ஊற்றி 2022 டிசம்பரில் 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய சாதனையெல்லாம் தேரோட்டம் பார்ப்பது மாதிரி. பார்த்து ரசிக்கலாம், வீட்டு வண்டியை அப்படி ஓட்ட முடியாது.

இதற்கிடையில் ஓவர்க்ளாக் செய்பவரின் வேலையைக் கம்பெனிகளே எடுத்துக்கொண்டன. 2008-இல் நெஹாலெம் ப்ராசஸர்களோடு டர்போ பூஸ்ட் வந்தது. சூடும் மின்சாரமும் இடம்கொடுத்தால் சிப் தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும். முன்பு பாதுகாப்புக்காக விட்டுவைத்திருந்த இடைவெளி வருடாவருடம் சுருங்கியது. 2020-இல் வந்த ஐ9-10900கே பெட்டியில் 5.3 கிகாஹெர்ட்ஸ் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அந்த உச்சம் கிடைக்க சிப் 70 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது சின்ன எழுத்து. பொள்ளாச்சியில் ஏசி இல்லாத அறையில், கோடையில், பாரம் ஏறிய நேரத்தில் 70-க்குக் கீழே என்பது நடக்கிற காரியமில்லை. காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பங்கு பருவமழைக்குக் காத்திருக்கும்.

கம்பெனியே எல்லைவரை ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2024 பெரிய பாடம். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரக ப்ராசஸர்கள், பயனர் எதையும் தொடாமலே தடுமாறின. விளையாட்டைத் திறந்தால் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று செய்தி வரும். எத்தனையோ பேர் கிராபிக்ஸ் கார்டைக் குறைசொல்லி மாற்றினார்கள். உண்மையில் சுருக்கிவைத்த கோப்பை விரிக்கிற கணக்கில் ப்ராசஸர் தப்பு விட்டுக்கொண்டிருந்தது. மதர்போர்டு தயாரிப்பாளர்கள் மின்வரம்புகளைத் தாராளமாகத் தளர்த்தி விற்றதன்மேல் முதலில் சந்தேகம் விழுந்தது. தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கும்படி மைக்ரோகோடிலும் பிழை இருந்தது பிறகு தெரிந்தது. கூடுதல் வோல்டேஜும் சூடும் சேர்ந்து ஒரு கடிகாரச் சுற்றை முன்கூட்டியே மூப்படையச் செய்தன. ஆகஸ்டில் வந்த திருத்தம் கேட்கும் வோல்டேஜை 1.55-க்குள் அடக்கியது, உத்தரவாதத்தை இன்டெல் இரண்டு வருடம் நீட்டியது. ஏற்கெனவே மூப்படைந்த சிப்பை எந்தத் திருத்தமும் இளமையாக்கவில்லை.

என் முடிவு இதிலிருந்து வருவதுதான். இன்றைக்கு நம் பக்கத்தில் ப்ராசஸரை ஏற்றுவதைவிட இறக்குவதில்தான் லாபம். வேகத்தை அப்படியே விட்டு, வோல்டேஜை மட்டும் 1.25-லிருந்து 1.15-க்குக் கொண்டுவந்தால் சூடு சுமார் 15 சதவீதம் குறையும். சூடு குறைந்தால் டர்போ நீண்ட நேரம் நிற்கும். ஏஎம்டியில் 2020 கடைசியிலிருந்து கர்வ் ஆப்டிமைசர் என்ற வசதி இருக்கிறது. ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக வோல்டேஜைக் குறைக்கலாம். இதைச் சிலர் ஓவர்க்ளாக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். எனக்கு அந்தச் சாதிபேதம் கிடையாது. தொழிற்சாலை வைத்த எண்ணை மாற்றினால் அது சோதித்துத்தான் ஆக வேண்டிய மாற்றம், ஏற்றினாலும் இறக்கினாலும்.

இறக்குவதில் ஒரு வலை உண்டு. வோல்டேஜ் குறைத்த ப்ராசஸர் முழுப்பாரத்தில் பல மணி நேரம் சலனமில்லாமல் ஓடும். பிறகு பாட்டுக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறபோது படக்கென்று ரீஸ்டார்ட் ஆகும். முழுப்பாரத்தில் எல்லாக் கோர்களும் மிதமான வேகத்தில் இருக்கின்றன. லேசான வேலையில்தான் ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. அங்கேதான் வோல்டேஜ் பற்றாமல் போகிறது. ஆகவே ஒவ்வொரு கோராகத் தனியே ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும். ஆறு கோர் என்றால் ஆறு இரவு என்று எண்ணிக்கொள்வது நல்லது.

ரேமுக்கு வருவோம். ப்ராசஸரைவிட இங்கேதான் அதிகம் பேர் தெரியாமலே ஓவர்க்ளாக் செய்துகொண்டிருக்கிறார்கள். காந்திபுரத்தில் ஒரு கடையில் கேட்டது: “ஏனுங்ணா, எக்ஸ்எம்பி போட்டாத்தானுங்க 3200. இல்லீன்னா 2133-லதானுங்க ஓடும்.” அந்தப் பையன் சொன்னது முழு உண்மை. டிடிஆர்4 ரேமுக்கு ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பு வகுத்த வோல்டேஜ் 1.2. பெட்டியில் போட்டிருக்கிற வேகம் பெரும்பாலும் 1.35 வோல்ட்டில் தயாரிப்பாளர் சோதித்த எக்ஸ்எம்பி அமைப்பின் வேகம். 2007-இல் டிடிஆர்3 காலத்தில் இன்டெல் கொண்டுவந்த அந்த ஏற்பாடு, ஓவர்க்ளாக்கை ஒரே சொடுக்கில் அடக்கிவிட்டது. ரேம் குச்சி தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். ப்ராசஸருக்குள் இருக்கிற மெமரி கன்ட்ரோலர் தாங்குமா என்பது அவர் பொறுப்பில்லை. 2023 ஏப்ரலில் ஏஎம்டி ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில சாக்கெட்டோடு கருகியபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. எக்ஸ்எம்பி போன்ற எக்ஸ்போ அமைப்பைப் போட்டதும், மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜைப் போர்டுகள் தாமாகவே ஏற்றிக்கொண்டிருந்தன. அதன்பின் அதற்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வந்தது.

ரேம் வேகத்தைப் பற்றி ஒரு மாயை இருக்கிறது. ரேமின் தாமதத்தைச் சொல்லும் சிஎல் எண்ணை இரண்டாயிரத்தால் பெருக்கி, ரேமின் வேக எண்ணால் வகுத்தால் முதல் பதில் வருவதற்கான நேரம் நானோசெகண்டில் கிடைக்கும். 3200 சிஎல்16 என்றால் 10. 3600 சிஎல்18 என்றாலும் 10. டிடிஆர்5 6000 சிஎல்30-க்கும் 10 தான். இருபது வருடத்துக்கு முந்தைய டிடிஆர்-400 சிஎல்2-க்கும் போட்டுப் பாருங்கள்: 10! ஒரு வினாடிக்குள் அள்ளிக்கொடுக்கும் அளவு பதினைந்து மடங்கு கூடியிருக்கிறது. கதவைத் தட்டியதும் திறக்கிற நேரம் அப்படியே நிற்கிறது. மின்னேற்றம் தேங்கிய சின்னஞ்சிறு குழியிலிருந்து அந்த மெல்லிய அளவை உணர்ந்து பெருக்கி எடுப்பது இயற்கை வகுத்த வேலை. அதை அவசரப்படுத்த முடிவதில்லை. எனவே 3200-லிருந்து 3600-க்குப் போக மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொள்கிறவர், எந்த வேலைக்காக என்பதை முதலில் யோசிக்கலாம். ரைசனில் அந்த 3600-க்குக் கொஞ்சம் அர்த்தம் உண்டு. உள்ளிருக்கும் இணைப்புப் பாதை 1800 மெகாஹெர்ட்ஸில் ரேமோடு ஒத்துத் துடிக்கும். அதைத் தாண்டினால் பெரும்பாலான சிப்புகளில் இரண்டும் தாளம் பிரியும்.

அந்தக் குழிகள் கசிகின்றன என்பதுதான் பொள்ளாச்சிக்காரருக்கு முக்கியமான செய்தி. மின்னேற்றம் வடிந்துபோவதற்குள் எல்லாவற்றையும் 64 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை திரும்ப நிரப்ப வேண்டும். அதை 8192 தவணையாகப் பிரித்து, டிடிஆர்4-இல் 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒரு தவணை. ரேம் 85 டிகிரியைத் தாண்டினால் அதே நேரத்துக்குள் தவணைகளை இரட்டிப்பாக்கச் சொல்கிறது ஜெடெக். சூட்டில் கசிவு அவ்வளவு கூடுகிறது. தவணை நடக்கிற நேரத்தில் ரேம் வேறு வேலை செய்யாது. ஆகவே ஓவர்க்ளாக் செய்பவர்கள் டிஆர்இஎஃப்ஐ என்ற எண்ணைப் பல மடங்கு ஏற்றி, நிரப்புவதைத் தள்ளிப்போட்டு வேகம் எடுக்கிறார்கள். உண்மையிலேயே நல்ல பலன் தரும் மாற்றம் அது. நம் ஊரில் மேயில் தலைவலி தரும் மாற்றமும் அதுவே. போதாக்குறைக்கு கிராபிக்ஸ் கார்டு கக்குகிற வெப்பக் காற்று நேராக ரேமின்மேல் போகும். இரவு முழுக்க மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனையை ஓடவிட்டு ஒரு பிழையும் இல்லை என்று சொல்கிறவர், அந்தச் சோதனையில் கிராபிக்ஸ் கார்டு தூங்கிக்கொண்டிருந்தது என்பதை மறந்துவிடுகிறார். இரண்டையும் சேர்த்து வறுத்தால்தான் தெரியும்.

ரேம் பிழைக்கு இன்னொரு கெட்ட குணம்: சத்தம் போடாது. ப்ராசஸர் தவறினால் பெரும்பாலும் கணினியே விழும். ரேமில் ஒரு பிட் புரண்டால் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தின் கீழ்ப்பாதி சாம்பலாகும். சுருக்கிவைத்த கோப்பு ஆறு மாதம் கழித்துத் திறக்காது. டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே ஒற்றைப் பிட் பிழையைத் திருத்துகிற ஏற்பாடு இருக்கிறது. வழியில் கம்பித்தடங்களில் நேரும் பிழையை அது பார்க்காது. ஸ்டூடியோ வைத்திருப்பவர், கணக்கு எழுதுபவர் ஆகியோரின் இயந்திரத்தில் ரேமை எக்ஸ்எம்பிக்கு மேல் ஒரு படிகூட ஏற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கட்சி. விளையாட்டுக்கு மட்டும் என்றால் அவரவர் துணிச்சல்.

சோதனைக் கருவிகளில் ப்ரைம்95-க்கு ஒரு தனிக் கதை உண்டு. மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய கூட்டுமுயற்சியின் கருவி அது. வாரக்கணக்கில் ஓடும் கணக்கில் ஒரு பிட் தவறினாலும் எல்லாம் வீண் என்பதால், விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்து இயந்திரத்தைச் சரிபார்க்கிற வசதியை வைத்தார்கள். ஓவர்க்ளாக் உலகம் அந்தச் சோதனையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டது. 2016-இல் ஸ்கைலேக் ப்ராசஸரின் வடிவமைப்புப் பிழை ஒன்று வெளிப்பட்டதும் இதன் வழியாகத்தான். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் டபிள்யூஹெச்இஏ என்ற வன்பொருள் பிழை எச்சரிக்கைகள் விழுகின்றனவா என்று பார்ப்பதும் ஒரு சோதனைதான். நீலத்திரை வருவதற்கு எத்தனையோ நாள் முன்பே அது முனக ஆரம்பிக்கும்.

மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2005-இல் எழுதிய சம்பவம் ஒன்று. பயனர்களிடமிருந்து வந்த விபத்துப் பதிவுகளில் சில, நடக்கவே முடியாத இடத்தில் விழுந்திருந்தன; ஒரு எண்ணைச் சுழியாக்கும், தவறவே வழியில்லாத கட்டளையில். விசாரித்தால் ஓவர்க்ளாக் செய்த இயந்திரங்கள். சிலருக்கோ அது ஓவர்க்ளாக் செய்யப்பட்டது என்பதே தெரியாது. விற்ற கடை சொல்லாமல் செய்திருந்தது. அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2011-இல் சுமார் பத்து லட்சம் வீட்டுக் கணினிகளின் பதிவுகளைப் பார்த்து எழுதிய ஆய்வில், ஓவர்க்ளாக் செய்தவை ப்ராசஸர் கோளாறால் விழும் வாய்ப்பு மற்றவற்றைவிடப் பல மடங்கு என்று வந்தது. நிர்ணயித்ததைவிட மெதுவாக ஓட்டியவை சாதாரண இயந்திரங்களைவிடவும் நிலையாக நின்றன.

இனி நம்மூர்ச் சங்கதிகள். பொள்ளாச்சியைச் சுற்றி நார் மில்கள். தென்னை நார்க்கழிவுத் தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். தொட்டிச்செடிக்கு அது வரம், ஹீட்சிங்க்குக்குச் சாபம். வைகாசி வரை உலர்தூசியாக இறகுகளுக்கிடையில் உட்காரும். ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசத் தொடங்கினால் சந்தனம்போலக் குழைந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு ஊதினால் போகாது, தூரிகைதான். காற்று குளிர்ந்த மாதத்தில் சிப் சூடாவது ஏன் என்று ஒரு வருடம் எனக்கு விளங்கவே இல்லை.

அடுத்தது யுபிஎஸ். 600 விஏ என்று விற்பதில் பெரும்பாலானவை 360 வாட்தான் தாங்கும். சாதாரண நிலையில் சமாளித்த கணினி, ஓவர்க்ளாக்குக்குப் பின் கிராபிக்ஸ் கார்டோடு சேர்ந்து அந்த வரம்பைத் தாண்டும். கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டுத் தானும் அணையும். பார்ப்பவர் ஓவர்க்ளாக் நிற்கவில்லை என்று வோல்டேஜை இன்னும் ஏற்றுவார்! கோளாறு இங்கே, வைத்தியம் அங்கே. கட்டணத்தையும் ஒரு தடவை கூட்டிப் பார்க்கலாம். கூடுதலாக 100 வாட், நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 48 யூனிட். வீட்டுக்கு அரசு இலவசமாகத் தருகிற நூறில் கிட்டத்தட்டப் பாதி.

என் மேசைக்கடியில் இப்போதிருப்பது ரைசன் 5 5600எக்ஸ். வேகத்தைத் தொடவில்லை, கோர்களின் வோல்டேஜைக் குறைத்திருக்கிறேன், இரண்டு கோர்களுக்கு மட்டும் குறைவாகக் குறைத்திருக்கிறேன். ரேம் எக்ஸ்எம்பியில் 3600, டிஆர்இஎஃப்ஐ போர்டு போட்ட எண்ணிலேயே இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் ஒரு நாள், மதியம் ஒரு மணிக்கு, அறையின் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் ப்ராசஸர், ரேம், கிராபிக்ஸ் மூன்றையும் சேர்த்துச் சோதிக்கிறேன். அன்றைக்கு வீட்டில் யாரும் அந்த அறைப் பக்கம் வரமாட்டார்கள். கேபினெட்டின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: தேதி, அறை வெப்பம், வோல்டேஜ், விழுந்ததா நின்றதா. மார்கழிப் பதிவு எதையும் அதில் இப்போது எழுதுவதில்லை.